கலீஃபா அல்முஇஸ் கேட்ட எழுதுகோல்

பொருள்வளத்தில் குறைவில்லாத ஒருவர் தமக்கென ஓர் ஊற்றுப்பேனாவைத் தேர்ந்தெடுக்க முற்படும்போது எதை முதலில் கேட்கிறார்? இன்றைய அங்காடிகளில் 18 காரட் பொன்முனை, அரக்குப் பூச்சு, எண்ணிட்டு வெளியிடப்படும் அரிய பதிப்பு ஆகியவையே அவர் கண்முன் வைக்கப்படுகின்றன. எழுதும்போது அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்ற கேள்வி பெரும்பாலும் பின்னரே எழுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர், வட ஆப்பிரிக்காவில், செலவைக் குறித்து எண்ணிப்பார்க்கத் தேவையே இல்லாத ஒருவர் இதே தேர்வில் ஈடுபட்டார். அவர் கேட்டவை இன்னவை என்பது, உடனிருந்த ஒருவரின் எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கிறது.

அவர் ஃபாத்திமிய்யக் கலீஃபா அல்முஇஸ் லிதீனில்லாஹ். ஹிஜ்ரி 341 முதல் 365 வரை (கி.பி. 953-975) ஆண்டவர். கைரவான் நகரையடுத்த மன்ஸூரிய்யா அவருடைய தலைநகராயிருந்தது. அவரது ஆணையின்படி ஹிஜ்ரி 353இல் (கி.பி. 964) நீலப் பட்டில் பொன்னிழை கொண்டு உலகப்படம் ஒன்று உருவாக்கப்பட்டதென்றும், அதற்கு 22,000 தீனார் செலவாயிற்றென்றும் வரலாற்றாசிரியர் மக்ரீஸீ குறிக்கிறார். ஒரு படத்துக்கு இவ்வளவு பொன்னை வழங்கிய அவை, ஓர் எழுதுகோலுக்குக் கணக்குப் பார்த்திருக்காது.

செய்தியைப் பதிவுசெய்தவர் அவரது தலைமை நீதிபதியான காழீ நுஃமான் (மறைவு ஹிஜ்ரி 363 / கி.பி. 974). ‘தஆயிமுல் இஸ்லாம்’ என்னும் சட்ட நூலால் அறியப்பட்டவர். அந்நூலைப் பதிப்பித்தவர் பம்பாயைச் சேர்ந்த நம் நாட்டுச் சட்ட அறிஞர் ஆஸஃப் ஏ. ஏ. ஃபைஸீ என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். ஃபாத்திமிய்ய இலக்கியத்தின் பெரும்பகுதி யமனிலும் குஜராத்திலும் தய்யிபிகளின் ஏட்டறைகளில் காக்கப்பட்டே நம் காலம் வரை வந்தது. எழுதுகோல் பற்றிய செய்தி இடம்பெறுவது, அவை உரையாடல்களின் தொகுப்பான ‘அல்மஜாலிஸ் வல்முஸாயராத்’ என்ற நூலில். அது 1978இல் துனிஸ் நகரில் அச்சேறியது.

கலீஃபா கேட்டதன் அருமையை உணர, அன்றைய எழுத்தரின் தொல்லையை முதலில் அறிதல் வேண்டும். ‘கலம்’ என்பது நாணற்கோல். அதன் முனையைச் சீவும் சாய்விலும் நடுவே பிளக்கும் பிளவிலும்தான் எழுத்தின் அழகு அடங்கியிருந்தது. வஸீராகவும் எழுத்துக்கலை வல்லுநராகவும் விளங்கிய இப்னு முக்லா (மறைவு ஹிஜ்ரி 328 / கி.பி. 940) இக்கலைக்கு அளவுமுறை வகுத்தவர், தண்டனையாக வலக்கை துண்டிக்கப்பட்ட பின்னும் முன்கையில் கோலைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்பர். எத்துணைச் செம்மையாகச் சீவினாலும் நாணல் தன்னகத்தே மையைத் தேக்கி வைப்பதில்லை. சில சொற்களுக்கு ஒருமுறை மைக்கூட்டை நாட வேண்டும். கூடு கவிழாதிருக்கவும் முனை அளவோடு மையை ஏற்கவும், அதனுள் ‘லீகா’ எனப்படும் பட்டிழைப் பொதியை இட்டு மையில் ஊறவைத்தனர். அப்படியும் விரலும் சட்டைக் கையும் கறைபட்டன. பயணத்தில் மைக்கூட்டைச் சுமப்பது தனித் தொல்லை.

இந்நிலையில்தான் அல்முஇஸ் தம் விருப்பத்தை அவையில் வெளியிட்டார். நுஃமானின் கூற்றைச் சுருக்கின் அவர் விதித்தவை இவை: மைக்கூட்டின் துணையின்றி எழுத வேண்டும், மை கோலுக்குள்ளேயே இருக்க வேண்டும், எழுதும்போது மட்டும் மை இறங்கி, எழுதாதபோது நின்றுவிட வேண்டும், சட்டைக் கைக்குள்ளோ வேறெங்கோ வைத்தாலும் கறை படியலாகாது. இது இயலுமா என நீதிபதி வினவ, இறைவன் நாடினால் இயலும் என்று கலீஃபா விடை தந்தார். சில நாள்களுக்குள் கைவினைஞர் பொன்னாலான ஒரு கோலுடன் வந்தார். மையிட்டு எழுதிப் பார்த்தபோது தேவைக்குச் சற்று மிகுதியாக மை இறங்கிற்று. திருத்துமாறு ஆணையாயிற்று. திருத்தியபின் அதைத் தலைகீழாகப் பிடித்தாலும் இருபுறம் சாய்த்தாலும் ஒரு சொட்டும் வெளிப்படவில்லை. தாளில் வைத்தபோது அழகுற எழுதிற்று, எடுத்தவுடன் நின்றது.

இச்செய்தியை ஏற்பது எவ்வாறு? அரபுக் கல்லூரிகளில் அறிவிப்புகளை ஆராயப் பழகிய நமக்கு முதற்கேள்வி அறிவிப்பாளரைப் பற்றியதே. அறிவிப்பவர் ஒருவரே, ஆயினும் கேட்டதையும் கண்டதையும் தாமே கூறுகிறார். அவர் கலீஃபாவை இமாமாக ஏற்றுப் போற்றுபவர் என்பது எதிர்ப்பக்கம். இவ்வெழுதுகோல் உண்மையாக வேண்டுவோர்க்கே தன்னிடமுள்ளதை வழங்குகிறது, வேண்டாதார்க்கு வழங்குவதில்லை என்று அவர் ஓர் உவமைப்பொருளும் காண்கிறார். அறிவை உரியவர்க்கே திறந்து காட்டும் இஸ்மாயிலிய மனப்போக்கு அவ்விடத்தில் பேசுகிறது. அதனை ஒரு புறம் ஒதுக்கினாலும் செய்தி நிற்கிறது. நிற்பதற்குக் காரணம், நம் பார்வையில், அந்த முதற்கோலின் குறைபாடு. தலைவரின் பெருமைக்காக ஒன்றைப் புனைபவர், கேட்ட மாத்திரத்தில் முழுமையாக உருவாயிற்று என்றே எழுதியிருப்பார். மை மிகுதியாக இறங்கியதென்று எழுத, அது இறங்கியதைக் கண்டிருக்க வேண்டும்.

அக்குறை எதனால் நேர்ந்தது என்பதையும் பொருளியல்பு விளக்குகிறது. மூடிய குழாயிலிருந்து மை வெளியேறினால் அவ்விடத்தை நிரப்பக் காற்று உட்புக வேண்டும். துளை மிகச் சிறிதாயின் காற்று புகாது, எழுத்து வறண்டுவிடும். பெரிதாயின் மை கொட்டும். ஊற்றுப்பேனாவின் வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையிலான போராட்டமே. 1636இல் ஜெர்மானியரான டேனியல் ஷ்வெண்டர் இறகுகளைக் கொண்டு அமைக்கும் ஒரு கோலை விவரித்தார். 1827இல் ருமேனியரான பெட்ராக்கே பொயெனாரு பாரிசில் காப்புரிமை பெற்றார். ஓரளவு நம்பத்தக்க தீர்வு 1884இல் அமெரிக்காவின் லூயிஸ் வாட்டர்மன் காப்புரிமை பெற்ற அமைப்பில் வந்தது. அதில் மையூட்டும் தண்டின் நுண்ணிய கீற்றுகள் வழியே மை கீழிறங்க, காற்று மேலேறுகிறது. மன்ஸூரிய்யாவின் கைவினைஞர் இதனை எவ்வாறு சமாளித்தார் என்பதை நுஃமான் விவரிக்கவில்லை. அவர் சட்ட அறிஞர், கொல்லர் அல்லர். மைக்கூட்டில் இருந்த பட்டிழைப் பொதியைக் கோலுக்குள் செலுத்தியிருந்தால் அது மையைப் பற்றி நிறுத்தியிருக்கும் என்பது நமது ஊகம் மட்டுமே. சான்றாக எவரும் கொள்ள வேண்டியதில்லை.

இவ்வளவே செய்தியாக இருக்க, இதன்மேல் எழுப்பப்பட்ட கட்டடம் பெரிது. ‘953இல் எகிப்து சுல்தானுக்காக முஸ்லிம்கள் ஊற்றுப்பேனாவைக் கண்டுபிடித்தனர்’ என்னும் வாசகம் இருபது ஆண்டுகளாக இதழ்களிலும் மேடைகளிலும் வலம் வருகிறது. 953 என்பது அல்முஇஸ் ஆட்சியேறிய ஆண்டு. எழுதுகோல் செய்யப்பட்ட ஆண்டன்று. எகிப்தை அவருடைய தளபதி ஜவ்ஹர் வென்றது 969இல். கலீஃபா கெய்ரோவுக்குள் நுழைந்தது 973இல். ‘அல்மஜாலிஸ்’ நூலின் பெரும்பகுதி அதற்கு முந்திய மன்ஸூரிய்யா அவையின் உரையாடல்களேயாதலின், இந்நிகழ்ச்சியையும் அக்காலத்ததாகக் கொள்வதே பொருத்தம். சுல்தான் என்ற பட்டம் அவருக்குரியதன்று. இச்செய்தியை ஆங்கிலம் அறிந்தோரிடம் கொண்டுசேர்த்த பேராசிரியர் பாஸ்வொர்த், 1981இல் வெளியான தம் கட்டுரையின் தலைப்பையே வினாக்குறியுடன்தான் அமைத்தார். அந்த வினாக்குறியை நம்மவர் உதிர்த்துவிட்டனர். ஷ்வெண்டருக்கோ வாட்டர்மனுக்கோ இந்தப் பொற்கோல் பற்றிய செய்தி எட்டியது எனக் காட்டும் சான்று எதுவும் இல்லை. ஒரு முறை, ஓர் அவையில், ஒருவருக்காகச் செய்யப்பட்ட அரும்பொருள் அது. அப்படிச் சொன்னாலே அதன் பெருமை போதுமானது.

இனிப் பொன்னைப் பற்றி ஒரு சொல். கலீஃபா அடுக்கிய நிபந்தனைகளில் பொன் இல்லை. கைவினைஞர் கொண்டுவந்ததில்தான் இருக்கிறது. அவை வழக்கம் அப்படி. நம் ஃபிக்ஹு நூல்கள் இதில் வேறுவிதமாகப் பேசுகின்றன. ஹஸ்கஃபீயின் (மறைவு ஹிஜ்ரி 1088 / கி.பி. 1677) ‘துர்ருல் முக்தார்’, பொன் வெள்ளிப் பாத்திரங்களுக்கான தடையைச் சுர்மாக்கோல், கண்ணாடி, எழுதுகோல், மைக்கூடு ஆகியவற்றுக்கும் விரிக்கிறது. பிற்காலத்து ஊற்றுப்பேனாக்களில் பொன்முனை வந்ததற்கு ஆடம்பரத்தைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் இரும்பு உப்பும் கலந்து செய்த மை அமிலத்தன்மை உடையது. அன்றைய எஃகு முனையை அது அரித்தது, பொன்னை அரிக்கவில்லை. துருப்பிடிக்காத நல்லெஃகு வந்தபின் அக்காரணம் பெரிதும் வலுவிழந்தது. ஆயினும் விலைப்பட்டியலில் பொன் இன்றும் முதலிடத்தில் நிற்கிறது.

972இல் அல்முஇஸ் கிழக்கு நோக்கிப் புறப்பட்டபோது இஃப்ரீகிய்யாவை புலுக்கீன் இப்னு ஸீரீயிடம் ஒப்படைத்தார். அந்த புலுக்கீனின் கொள்ளுப்பேரரும் அல்முஇஸ் என்றே பெயர் பெற்றவர். மை காய்ச்சுதல், கலம் சீவுதல், ஏடு கட்டுதல் ஆகியவற்றை விரித்துரைக்கும் ‘உம்தத்துல் குத்தாப்’ அவர் பெயரால் வழங்குகிறது. விளக்குப் புகைக்கரியும் பிசினும் சேர்ந்த மையும், துவர்ப்புப் பொருளும் இரும்பு உப்பும் சேர்ந்த மையும் அதில் அளவுகளோடு சொல்லப்படுகின்றன. ஆசிரியர் அவரேயாயினும் அவர் அவையினரில் ஒருவராயினும், எழுதுகருவியில் அக்கறை கொண்ட அவை அந்நாட்டில் தொடர்ந்தது எனலாம்.

கெய்ரோவில் குவிந்த ஃபாத்திமிய்யக் கருவூலங்கள், அல்முஸ்தன்ஸிர் காலத்துப் பஞ்சத்திலும் படைக்கலகத்திலும் 1067-68இல் சூறையாயின. வெளியேறியவற்றின் பட்டியலில், பொன்னாலும் வெள்ளியாலும் சந்தனத்தாலும் அகிலாலும் கருங்காலியாலும் தந்தத்தாலும் செய்த, சதுரமும் வட்டமுமான மைக்கூடுகள் நிறைந்த பேழைகள் பல இடம்பெறுகின்றன. கூலி கிடைக்காத படைவீரர் அவற்றை வந்த விலைக்குப் பங்கிட்டுக்கொண்டனர்.