பாட்டியின் மூன்று வாளிகள்: பம்மலில் குழந்தைத் துணியின் கதை

பிள்ளைப்பேறு நெருங்கும் வீட்டில் முன்பெல்லாம் ஒரு வேலை தவறாமல் நடக்கும். பாட்டனாரின் பழைய கைலிகளும் பாட்டியின் நைந்த நூல் புடவைகளும் பெட்டியிலிருந்து வெளிவரும். அவற்றை வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, சதுரம் சதுரமாகக் கிழித்து அடுக்கி வைப்பர். கஞ்சி போட்ட புதுத்துணி ஈரத்தை உறிஞ்சாது, பிஞ்சுத் தோலையும் உரசும். நூறு முறை துவைத்த பருத்தியே குழந்தைக்கு இதமானது. பம்மலை ஒட்டிய அனகாபுத்தூரோ தறிகளின் ஊர். ‘ரியல் மெட்ராஸ் கைக்குட்டை’ எனப்பட்ட கட்டம்போட்ட துணி அங்கு நெய்யப்பட்டு நைஜீரியா வரை சென்றது. அவ்வூரின் பக்கத்தில் வாழும் நாம், குழந்தைக்கு ஒரு துண்டுத் துணி தேடி இணையக் கடைகளில் அலைவது சற்று வேடிக்கையே.

இத்துணிகளைத் துவைப்பதற்கும் நம் மார்க்கச் சட்டத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) அவர்கள், உணவு உண்ணத் தொடங்காத தம் ஆண்குழந்தையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தார்கள். மடியில் அமர்த்தப்பட்ட குழந்தை ஆடையில் சிறுநீர் கழித்துவிட்டது. நபியவர்கள் தண்ணீர் வரவழைத்துத் தெளித்தார்கள், கழுவவில்லை என்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இதனடிப்படையில், பால் மட்டும் அருந்தும் ஆண்குழந்தையின் சிறுநீருக்குத் தண்ணீர் தெளித்தலே போதும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. பெண்குழந்தையினுடையதைக் கழுவ வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் இரண்டையும் கழுவ வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத அசுத்தமாயின் மும்முறை கழுவி, ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும். கிதாபு ஓதாத நம் பாட்டிமாரும் மூன்று வாளி வைத்தே அலசினர்.

அந்த வாளிகள் எங்கே போயின? கதையின் ஒரு பாதி அமெரிக்காவில் நடந்தது. மரியன் டோனவன் என்ற தாய், குளியலறைத் திரைச்சீலையை வெட்டி, நனையாத மேலுறை ஒன்றைத் தைத்தார். 1951-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பேரக்குழந்தையின் துணி துவைத்துச் சலித்த விக்டர் மில்ஸ் என்ற பொறியாளரின் முயற்சியில், 1961-இல் பாம்பர்ஸ் வந்தது. மற்றொரு பாதி நம் தெருக்களில் நடந்தது. குரோம்பேட்டையின் பெயரே குரோம் முறையில் பதனிட்ட தோலிலிருந்து வந்தது. பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் வட்டாரத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. தமிழகத்துத் தோல் வணிகத்தில் நம் சமுதாயத்தாரின் பங்கு பெரிது என்பதால், இதைப் பிறர் குறையாகச் சொல்லி நாம் ஒதுங்க இயலாது. கிணற்று நீர் கெட்டு, லாரித் தண்ணீரைக் குடம் கணக்கில் எண்ணிச் செலவிடும் தாயிடம் மூன்று வாளியைப் பற்றிப் பேசுவது எளிதன்று. டயப்பரை அவள் சோம்பலால் மட்டும் வாங்கவில்லை.

ஆயினும் அதன் சுமை இதே ஊரில்தான் இறங்குகிறது. பம்மலில் 1994-ஆம் ஆண்டு மங்களம் பாலசுப்பிரமணியன் தலைமையில் பெண்கள் ஒன்றுகூடி, வீட்டுக் குப்பையைப் பிரித்து மண்புழு உரமாக்கத் தொடங்கினர். எக்ஸ்னோரா கிரீன் பம்மல் என நாடறிந்த அப்பணி, குப்பையைக் கையால் பிரிப்போரை நம்பியது. டயப்பரில் உள்ள பிளாஸ்டிக்கும் உறிஞ்சு துகளும் எந்த மண்புழுவுக்கும் இரையாகா. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அவற்றைத் தனியே சுற்றிக் கொடுக்கச் சொல்லின. நாமோ பல நேரம் சோற்றுக் கழிவோடு சேர்த்தே கட்டிவிடுகிறோம்.

துணி என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதும் முழு உண்மையன்று. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை ஆண்டுக் காலத்துக்கு டயப்பரின் கரியமிலச் சுமை ஏறத்தாழ 550 கிலோ, துணியினுடையது 570 கிலோ. ஆனால் இயந்திரம் நிறையத் துவைத்து, வெளியில் கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் துணியின் சுமை 40 சதவீதம் குறைகிறது. பாட்டி செய்தது இதைத்தான்.

டயப்பர் ஒன்று பத்து ரூபாய், நாளுக்கு எட்டு என்று வைத்தால், மாதம் 2,400 ரூபாய். அதில் ஒரு பங்குக்கே இருபது, இருபத்துநான்கு மல் துணிச் சதுரங்களும் நனையாத மேலுறை மூன்றும் கிடைத்துவிடும். வீட்டில் பழைய கைலி இருந்தால் மேலுறைக்கு மட்டுமே செலவு. பல அடுக்காகத் தைத்த பாக்கெட் வகை பார்வைக்கு அழகு; ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாளானாலும் உலராது. ஒற்றைத் துணியை மடித்துக் கட்டுவதே இவ்வூருக்கு ஏற்றது. மலத்தை முதலில் கழிப்பறையில் கழுவிவிட வேண்டும். வாசனை மென்மையூட்டிகளைத் தவிர்க்க வேண்டும். துணியின் உறிஞ்சும் திறனை அவை கெடுக்கும். கடைசி அலசலைத் தூய நீரில் செய்தால் தொழும் இடத்தில் குழந்தை தவழ்ந்தாலும் மனம் நெருடாது. இரவுக்கும் பயணத்துக்கும் டயப்பர் கட்டினால் கட்டட்டும். தண்ணீர் லாரி வராத நாளிலும் அப்படியே.