எல்லைக்கு அப்பால் கேட்ட எச்சரிக்கை: கர்ணம் பதவியின் கடைசி ஆண்டுகள்

வடமாலபேட்டை, புத்தூர் வட்டாரக் கிராமங்களில் நில வரலாறு கர்ணத்தின் கையெழுத்தில் இருந்தது. எந்தப் புலம் யாருடையது, எதில் என்ன பயிர் என்பதையெல்லாம் அடங்கலில் எழுதிவந்தவர் அவரே. 1895ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டம் இப்பதவியைப் பரம்பரை உரிமையாக்கியிருந்தது. தந்தையிடம் கணக்கு கற்ற மகனுக்கு வேறு வேலை தேடும் தேவை எழவில்லை.

முதல் விரிசல் 1960 டிசம்பரில் விழுந்தது. பிறப்பின் அடிப்படையில் கிராமப் பதவி வழங்குவது அரசியலமைப்புக்கு முரணானது என்று, ஆந்திரத்திலிருந்து சென்ற கஜுல தசரதராம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை போயிற்று, பதவி நீடித்தது.

அதே ஆண்டு ஏப்ரலில்தான் சித்தூர் மாவட்டத்தின் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்திருந்தது. ஒரே நிர்வாக மரபில் வளர்ந்த கிராமங்கள் இரு மாநிலங்களாயின. இருபது ஆண்டுகள் கழித்து இப்பிரிவினை ஓர் எச்சரிக்கையாக மாறியது. 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு, அவசரச் சட்டத்தின்வழி தமிழ்நாட்டின் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் அனைத்தையும் ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கல்வித் தகுதியுடைய முன்னாள் அலுவலர்களைக் குழு அமைத்துப் பரிசீலித்து, கிராம நிர்வாக அலுவலராக நியமிப்பதாக அரசு அளித்த உறுதி மட்டுமே அவர்களுக்கு எஞ்சிய வழி.

எல்லைக்கு இப்பால் இருந்த கர்ணங்களுக்கு இதைக் கண்டு ஆயத்தமாக மூன்றாண்டுகளுக்குச் சற்று கூடுதலான காலம் இருந்தது. 1984 ஜனவரியில் என்.டி. ராமராவ் அரசும் அவசரச் சட்டத்தால் அப்பதவிகளை ஒழித்தது; 1985இல் உச்ச நீதிமன்றம் அதனையும் உறுதிசெய்தது.

எச்சரிக்கை கிடைத்தும் ஆயத்தம் எளிதாக இல்லாததற்குக் காரணம் அவர்களது அறிவின் இயல்பிலேயே இருந்தது. ஒரு கிராமத்தின் வரப்பையும் வாரிசையும் அறிந்த அறிவுக்கு அடுத்த ஊரில் விலையில்லை. அரசு கேட்டதோ எந்த ஊருக்கும் பொருந்தும் பள்ளிச் சான்றிதழ். இளையவருக்கு அது எட்டக்கூடியது. ஐம்பதைக் கடந்தவருக்குச் சொந்த நிலம் இருந்தால் உழவு, இல்லையெனில் வழக்கு.

வேலையிழப்பை முன்கூட்டியே அறிவது எல்லோருக்கும் ஒரே அளவு காலத்தைத் தருவதில்லை. அந்த மூன்றாண்டுகளின் நீளத்தை அவரவர் வயதும் படிப்பும் நிலமுமே தீர்மானித்தன.