நிருபர் பெண்ணான கதை

1928-ஆம் வருஷம் நியூயார்க்கில் ஒரு நாடகம் மேடையேறியது. பெயர் 'தி ஃபிரண்ட் பேஜ்', அதாவது முதல் பக்கம். எழுதிய பென் ஹெக்ட், சார்லஸ் மக்கார்தர் இருவரும் சிகாகோவில் நிருபர்களாக இருந்தவர்கள். அந்தத் தொழிலின் அழுக்கு அவர்களுக்கு அத்துப்படி. வேலையை உதறிவிட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்ட நிருபனை ஆசிரியர் தந்திரமாகத் தடுப்பதே கதை.

1931-இல் படமாக வந்த இதை மறுபடி எடுக்க எண்ணிய டைரக்டர் ஹவர்ட் ஹாக்ஸ், நிருபனின் வசனத்தை ஒரு பெண்ணை வாசிக்கச் சொன்னாராம். முன்னைவிட நன்றாக இருந்தது! நிருபன் பெண்ணானான், ஆசிரியர் அவளுடைய முன்னாள் கணவரானார். 1940-இல் 'ஹிஸ் கேர்ள் ஃபிரைடே' வெளிவந்தது. காரி கிராண்டும் ராசலிண்ட் ரஸ்ஸலும் ஒருவரை ஒருவர் பேசி முடிக்க விடாமல் பொரிந்து தள்ளுகிறார்கள்.

ஆனால் சிரிப்புக்கு நடுவே தூக்குமேடை நிற்கிறது. தேர்தலுக்குமுன் ஒருவனைத் தூக்கிலிட்டு ஓட்டுச் சேர்க்க மேயருக்கு அவசரம். தப்பி வந்த அவனை நாயகி மேஜைக்குள் ஒளிக்கிறாள். உயிரைக் காக்க மட்டுமல்ல, செய்தி வேறு பத்திரிகைக்குப் போகாமலிருக்கவும்தான். அவனிடம் இரக்கம் காட்டிய ஒருத்தி ஜன்னல் வழியே குதிக்கிறாள். அவன் எங்கே என்று கேட்டு அவளைச் சூழ்ந்து வதைத்தவர்கள் நிருபர்களே.

முடிவில் நாயகி, மணக்கவிருந்த இன்ஷூரன்ஸ்காரரை விட்டுப் பழைய கணவரிடமும் பழைய தொழிலிடமும் திரும்புகிறாள். ஜெயித்தது காதலா, செய்திப் பசியா? அந்தப் பசிக்குத் தீனி கேட்பவர்கள், காலைக் காபியோடு பத்திரிகையைப் பிரிக்கும் நாம்தானே!