நோயாளியின் கட்டிலருகே வந்த தத்துவம்

1915 ஏப்ரல். முதல் உலகப் போர் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் மொராவியப் பகுதியில் மேரிஷ் வைஸ்கிர்ஷன் என்ற ஊரிலிருந்த ராணுவத் தொற்றுநோய் மருத்துவமனைக்கு, செஞ்சிலுவைச் சங்கத்தின் தாதியாக 23 வயதுப் பெண் ஒருவர் வந்து சேர்ந்தார். டைபாய்டும் காலராவும் சீதபேதியும் கண்ட வீரர்கள் போர்முனையிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்டார்கள். பேரரசின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்கள். பலருக்கு அந்தத் தாதியின் ஜெர்மன் புரியாது, அவர்கள் பேசியது அவருக்குப் புரியாது. நெற்றியைத் தொட்டும் முகத்தைப் பார்த்தும்தான் அவர்களுடைய வேதனையை அறிய வேண்டியிருந்தது. அந்தப் பெண் எடித் ஸ்டைன். கேட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் எட்மண்ட் ஹுஸெர்லிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். அவர் எடுத்துக்கொண்டிருந்த பொருளே, பிறர் படும் அனுபவம் நமக்கு எப்படித் தெரியவருகிறது என்பதுதான்.

சுமார் ஐந்து மாதம் வார்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஸ்டைன், ஹுஸெர்ல் மாறிப்போயிருந்த ஃப்ரைபர்கில் 1916இல் மிக உயர்ந்த தகுதியுடன் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு அந்த ஆய்வு அச்சேறியது. ஒருவர் வலியில் முகம் சுளிப்பதைப் பார்த்து, 'எனக்கு வலித்தால் நானும் இப்படித்தானே சுளிப்பேன், ஆகவே இவருக்கும் வலி' என்று நாம் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்வதில்லை என்றார் அவர். மற்றவரின் வலி நம்மிடம் தொற்றிக்கொண்டு நம் வலியாகிவிடுவதும் இல்லை. அந்த முகத்திலேயே வலி நேராகத் தெரிகிறது; ஆனால் அது அவருடைய வலியாகவே தெரிகிறது. இப்படி அறிவதைப் பரிவு என்று அழைத்து, ஸ்டைன் அதை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டினார்.

பினாமினாலஜி எனப்படும் நிகழ்வியலின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்களின் வரிசையைத்தான் சொல்வார்கள். மருத்துவமனை வழியாகவும் அதைச் சொல்ல முடியும். அந்த வழியில் போனால், கணிதத்துக்கும் தர்க்கத்துக்கும் உறுதியான அடித்தளம் தேடிப் பிறந்த ஒரு தத்துவம், நோயாளிகளிடமும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களிடமும் வந்துதான் அன்றாட வாழ்வுக்குப் பயன்படும் முறையாகத் திரண்டது என்பது தெளிவாகும்.

ஹுஸெர்ல் அடிப்படையில் கணிதம் படித்தவர். 1883இல் வியன்னாவில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1900-01இல் வெளிவந்த 'தர்க்க ஆராய்ச்சிகள்' நூலிலிருந்து அவர் வலியுறுத்தியது ஒன்றுதான்: ஒன்றைப் பற்றி ஏற்கெனவே கேட்டறிந்த விளக்கங்களையும் கோட்பாடுகளையும் ஒதுக்கி நிறுத்திவிட்டு, அது அனுபவத்தில் எப்படி எதிர்ப்படுகிறதோ அப்படியே விவரிக்க வேண்டும். சொல்வதற்கு எளிது, செய்வது கடினம். மேசையைப் பார்க்கிறோம் என்கிறோம். உண்மையில் ஒரு நேரத்தில் அதன் ஒரு பக்கம் மட்டுமே கண்ணில் படுகிறது. பின்பக்கம் தெரியாமலேயே முழு மேசையையும் பார்த்ததாக எப்படி உணர்கிறோம்? இத்தகைய கேள்விகளிலேயே அவர் வாழ்நாள் கழிந்தது.

ஸ்டைன் வார்டில் இருந்த அதே 1915இல் ஷ்னைடர் என்ற ஜெர்மானியப் படைவீரரின் தலையில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் பிராங்பர்ட்டில் அவரைப் பரிசோதித்த அதெமர் கெல்பும் குர்ட் கோல்ட்ஸ்டைனும் வினோதமான ஒன்றைக் கவனித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை இப்படித் தூக்கு, மூக்கைச் சுட்டிக் காட்டு என்றால் அவரால் முடியவில்லை. உடம்பையே முன்னும் பின்னும் அசைத்துத் தன் கை எங்கே இருக்கிறது என்று தேடினார். ஆனால் மூக்கு சிந்த வேண்டுமென்றால் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. கொசு கடித்த இடத்துக்குக் கை தானாகப் போனது. தோல் பணப்பை செய்யும் தொழில் பார்த்துவந்தார். கத்தரியும் ஊசியும் தோலும் எதிரே இருந்தால், ஒரு சாதாரணத் தொழிலாளி செய்வதில் முக்கால் பங்கு வேலையை அவரால் முடிக்க முடிந்தது.

பிரெஞ்சுத் தத்துவவாதி மொரீஸ் மெர்லோ-போன்ட்டி 1945இல் வெளியிட்ட 'புலனுணர்வின் நிகழ்வியல்' என்ற நூலில் இந்த நோயாளிக்குப் பல பக்கங்கள் ஒதுக்கினார். கத்தரியின் முன் உட்கார்ந்தவர் தன் விரலைத் தேட வேண்டியதில்லை. அந்தக் கத்தரியும் பாதி தைத்த தோலுமே விரலை அழைக்கின்றன. உடம்பு தனக்கே உரிய முறையில் உலகத்தை அறிகிறது, அது மூளை போடும் உத்தரவை நிறைவேற்றும் கருவி மட்டும் அல்ல என்பது அவர் வாதம். ஷ்னைடரைப் பற்றிய பழைய பரிசோதனைக் குறிப்புகளைப் பிற்கால நரம்பியல் ஆய்வாளர்கள் சிலர் சந்தேகித்திருக்கிறார்கள். ஆனாலும் பழகிய கைகளுக்கு ஓர் அறிவு உண்டு என்ற எண்ணத்தை அந்தப் பணப்பைத் தொழிலாளியை வைத்துத்தான் ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது.

மெர்லோ-போன்ட்டிக்கு ஹுஸெர்லின் அச்சேறாத எழுத்துகள் கிடைத்ததே பெரிய கதை. யூதராகப் பிறந்தவர் என்பதால் 1933இல் ஹுஸெர்லைப் பல்கலைக்கழகத்தை விட்டு ஒதுக்கினார்கள். 1938 ஏப்ரலில் அவர் இறந்தபோது சுருக்கெழுத்தில் எழுதிய சுமார் 40,000 பக்கங்கள் வீட்டில் கிடந்தன. ஹெர்மன் லியோ வான் பிரேடா என்ற இளம் பெல்ஜியப் பிரான்சிஸ்கன் துறவி, ஆய்வுக்காக ஃப்ரைபர்க் வந்தவர், நிலைமையை உடனே புரிந்துகொண்டார். பெல்ஜியத் தூதரகத்தின் உதவியோடு அத்தனையையும் நாஜிகளிடமிருந்து மீட்டு பெல்ஜியத்தின் லூவென் நகருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே போய் மெர்லோ-போன்ட்டி அவற்றைப் படித்தார். ஆனால் எடித் ஸ்டைனைக் காப்பாற்ற யாராலும் முடியவில்லை. யூதராகப் பிறந்து கத்தோலிக்கத் துறவியாகிவிட்ட அவரை 1942 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொன்றார்கள்.

போருக்குப் பிறகு இந்தச் சிந்தனை வேர் பிடித்த இடம் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரம். அங்கே கூடியவர்களில் பலர் வேறு தொழிலிலிருந்து வந்தவர்கள். பொய்டென்டைக் உடலியங்கியல் அறிஞர். வலியைப் பற்றி 1943இலேயே நூல் எழுதியவர், கால்பந்தைப் பற்றியும் எழுதினார். லாங்கவெல்டு கல்வியாளர், குழந்தைகள் ஒளிந்துகொள்ளும் மாடி மூலையையும் திரைச்சீலை மறைவையும் ஆராய்ந்தார். 1953இல் வெளிவந்த 'மனிதரும் உலகமும்' தொகுப்பில் ஓட்டல் அறையில் தங்குவது பற்றியும் கார் ஓட்டுவது பற்றியும் கட்டுரைகள் இருந்தன. நடந்து முடிந்ததும் மறந்துவிடுகிற சாதாரண நிகழ்ச்சிகளை அவர்கள் மெனக்கெட்டு விவரித்தார்கள்.

அந்த வட்டத்தின் மனநல மருத்துவர் யான் ஹென்ட்ரிக் வான் டென் பெர்க் 1952இல் ஒரு சிறு நூல் எழுதினார்: 'நோய்ப்படுக்கையின் உளவியல்'. ஒருவர் காலையில் கண் விழிக்கிறார், உடம்பு முடியவில்லை. எழுந்திருக்க முடியாமல் மறுபடி படுக்கிறார். கீழ்த்தளத்திலிருந்து வீட்டாரின் பேச்சும் தெருவிலிருந்து வண்டிச் சத்தமும் கேட்கின்றன. நேற்றுவரை தானும் அந்தச் சத்தத்தில் ஒரு பங்கு. இன்று அது தனக்குச் சம்பந்தமில்லாத வேறொரு உலகத்திலிருந்து வருகிறது. அவருடைய உலகம் கட்டிலின் நான்கு காலுக்குள் சுருங்குகிறது. இதுவரை கண்ணில் படாத போர்வை மடிப்பும் சுவரும் பெரிதாகத் தெரியத் தொடங்குகின்றன. பார்க்க வருகிறவர்கள் நின்றபடியே ஆறுதல் சொல்லிவிட்டு அவசரமாகக் கிளம்புவது நோயாளிக்கு எப்படிப் படுகிறது என்பதையும் நூல் பேசுகிறது. நோயின் பெயரையோ மருந்தையோ விளக்குவது அதன் நோக்கம் இல்லை. படுத்திருப்பது என்றால் என்ன என்பதைச் சொல்கிறது. 1966இல் ஆங்கிலத்தில் வந்த பிறகு செவிலியர்களும் அதைத் தேடிப் படித்தார்கள்.

கடல் கடந்த கிளை ஒன்றும் உண்டு. வியன்னாக்காரர் ஆல்ஃபிரெட் ஷூட்ஸ் பகலில் வங்கி வேலை பார்த்துவிட்டு இரவில் தத்துவம் எழுதியவர். அன்றாட வாழ்வில் மனிதர்கள் எதையெல்லாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு காரியம் ஆற்றுகிறார்கள் என்று 1932இல் ஒரு நூலில் ஆராய்ந்தார். ஹுஸெர்ல் தன்னிடம் உதவியாளராக வரச் சொல்லியும் வங்கியை அவர் விடவில்லை. ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்த பிறகு 1939இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

ஷூட்ஸிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெரால்ட் கார்ஃபிங்கல். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மனநலப் புறநோயாளர் பிரிவின் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டியபோது, நிரப்ப வேண்டிய கட்டங்கள் பல காலியாகக் கிடந்தன. ஊழியர்களின் அலட்சியம் என்று அவர் எழுதவில்லை. அந்தத் தாள்களை எழுதுவதும் படிப்பதும் அதே பிரிவில் வேலை செய்கிறவர்கள். நோயாளியும் நடைமுறையும் தெரிந்தவர்களுக்கு அந்த அரைகுறைக் குறிப்பே போதும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்குத்தான் போதாது. 1967இல் வந்த அவருடைய நூலில் இதைப் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. தாளில் ஏறும் வேலையும் உண்மையில் நடக்கும் வேலையும் வேறு வேறு என்று பின்னாளில் அலுவலகங்களையும் தொழிற்கூடங்களையும் ஆராய்ந்தவர்கள் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

மெர்லோ-போன்ட்டியின் வழியில் சிந்தித்து, கலிபோர்னியாவின் பெர்க்லியில் தத்துவம் கற்பித்த ஹூபர்ட் டிரைஃபஸ், தம்பி ஸ்டூவர்ட்டோடு சேர்ந்து 1980இல் அமெரிக்க விமானப்படைக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். விமானி, சதுரங்க ஆட்டக்காரர், புதிய மொழி கற்பவர் ஆகியோரை வைத்து, ஒருவர் கற்றுக்குட்டி நிலையிலிருந்து கைதேர்ந்தவராகும்வரை ஐந்து படிகளைக் கடக்கிறார் என்று இருவரும் எழுதினார்கள். தொடக்கத்தில் விதியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். தேறிய பிறகு சூழ்நிலையை ஒரே பார்வையில் பிடிக்கிறார், விதி அவருக்குத் தேவைப்படுவதில்லை.

இந்த ஐந்து படியை வார்டுக்குள் கொண்டுவந்தவர் பட்ரீஷியா பென்னர். அவரே நர்ஸ். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரையும் அவருக்குப் பயிற்சி கொடுத்த மூத்தவரையும் 21 இணைகளாக எடுத்து, இருவரும் பார்த்த ஒரே சம்பவத்தைத் தனித்தனியே சொல்ல வைத்தார். அனுபவம் மிக்க 51 செவிலியர்களிடமும் பேசினார். வார்டுகளில் நின்று கவனித்தார். 1984இல் வந்த 'கற்றுக்குட்டியிலிருந்து கைதேர்ந்தவர் வரை' நூலில் பெரும்பகுதியும் அந்தச் செவிலியர்கள் சொன்ன சம்பவங்களே. புதியவர் பி.பி., நாடி, எவ்வளவு நீர் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று வரிசையாகப் பார்க்கிறார். எல்லா எண்ணுக்கும் அவரிடம் ஒரே எடைதான். மூத்தவர் கட்டிலை நெருங்கும்போதே முகத்தின் நிறத்திலும் புரண்டு படுக்கும் விதத்திலும் ஏதோ சரியில்லை என்று பிடித்துவிடுகிறார். எண்கள் மாறுவதற்கு முன்பே டாக்டரைக் கூப்பிடுகிறார். மனநலப் பிரிவில் நெடுங்காலம் இருந்த ஒரு நர்ஸ், தன் கணிப்புக்கு டாக்டரிடம் ஆதாரம் சொல்லத் தெரியாமல் போகலாம், ஆனால் கணிப்பு தப்புவதில்லை என்று பென்னரிடம் சொல்லியிருக்கிறார். அதே மூத்தவரைப் பழக்கமில்லாத வேறு வார்டுக்கு மாற்றினால் அவரும் கற்றுக்குட்டியாகிவிடுவார் என்பதையும் பென்னர் எழுதினார். ஆக, இந்தத் திறமை அந்த வேலையோடும் அந்த நோயாளிகளோடும் பழகிப் பழகி வருவது.

இப்படிக் கேட்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. 'நல்ல செவிலி எப்படி இருக்க வேண்டும்?' என்று கேட்டால் எல்லோரும் பாடப்புத்தகத்தைத்தான் ஒப்பிப்பார்கள். 'அந்த நைட் டூட்டியில் என்ன நடந்தது, முதலில் எதைக் கவனித்தீர்கள், கை எங்கே போனது?' என்று கேட்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. கருத்தும் கேட்கக் கூடாது. நடந்ததை நடந்த வரிசையில் வாங்க வேண்டும். நெதர்லாந்திலிருந்து கனடாவுக்குப் போன மாக்ஸ் வான் மேனன், உட்ரெக்ட் மரபை அடியொற்றி 1990இல் எழுதிய நூல் இந்தக் கேட்கும் முறையை ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும் கற்றுக்கொடுத்தது.

நோயாளிகளும் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். டெக்ஸாஸில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த கே டூம்ஸ் 1973இல், சுமார் முப்பது வயதில், தனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தெரிந்துகொண்டவர். டாக்டர் பேசுவது நரம்பு மண்டலத்தில் உண்டான சிதைவைப் பற்றி. தனக்கோ பக்கத்தில் இருந்த இடம் எட்டாத தூரமாகிவிட்டது, படிக்கட்டு தடையாகிவிட்டது. ஒரே நோயைப் பற்றிப் பேசுவதாக நினைத்து இருவரும் வெவ்வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள் என்பதை, ஹுஸெர்லையும் ஷூட்ஸையும் துணைக்கு வைத்துக்கொண்டு 1992இல் வந்த 'நோயின் பொருள்' நூலில் விளக்கினார்.

எதிர்ப்பும் வந்தது. செவிலியர் ஆய்வுகளில் நடப்பது ஐரோப்பியத் தத்துவவாதிகள் சொன்ன நிகழ்வியலே அல்ல, அது அமெரிக்காவில் உருமாறிய வேறொன்று என்று மைக்கேல் குரோட்டி 1996இல் ஒரு முழு நூலே எழுதினார். ஹுஸெர்லின் கருத்துகளைத் தவறாகப் புரிந்துகொண்டு அவர் பெயரைச் சொல்கிறார்கள் என்ற பொருளில் ஜான் பேலி அடுத்த ஆண்டு எழுதினார். இந்தக் கண்டனங்களில் நியாயம் இருக்கிறது. நாலு பேரிடம் பேட்டி எடுத்துத் தலைப்புப் போட்டுப் பிரித்துவிட்டால் நிகழ்வியல் ஆகிவிடாது. ஆனால் ஹுஸெர்ல் சொன்னதை அப்படியே காப்பாற்றுவது செவிலியரின் வேலையும் அல்ல. யாரும் கேட்காத தங்கள் வேலையறிவைச் சொல்ல அவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது; அதன் பலன் கட்டிலில் கிடப்பவருக்குப் போய்ச் சேர்கிறது.

உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. பென்னரின் ஐந்து படியை மருத்துவமனைகள் பதவி உயர்வுக்கான ஏணியாக மாற்றிக்கொண்டன. எந்தப் படியில் இருக்கிறார் என்று டிக் அடிக்கும் படிவங்கள் வந்தன. ஐந்து பெயர்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன, அவற்றைத் தாங்கி நின்ற சம்பவங்கள் விடுபட்டன. இந்தியாவில் எம்.எஸ்சி. நர்சிங் மாணவர்கள் ஆராய்ச்சி முறைகளில் ஒன்றாக நிகழ்வியலைப் படிக்கிறார்கள். அவர்களுக்கு அந்த முறையின் படிகளோடு இந்த வரலாற்றையும் சொல்லித்தர வேண்டும். டூட்டி மாறும்போது கேஸ் ஷீட்டில் உள்ளதை ஒப்படைத்த பிறகு, ராத்திரி முழுக்க அந்தக் கட்டிலருகே நின்ற ஸ்டாஃப் நர்ஸிடம் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லி இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்பதிலிருந்து அவர்கள் தொடங்கலாம்.