சோழிகளால் கிரகணம் கணித்தவர்

திருவண்ணாமலையில் வாழ்வோர்க்குப் பௌர்ணமி என்பது வெறும் தேதி அன்று. பௌர்ணமி திதி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எத்தனை மணிக்கு முடிகிறது என்று அறிந்துகொண்டுதான் வெளியூர் மக்கள் கிரிவலத்திற்குப் புறப்படுகிறார்கள். கார்த்திகை தீபமும் அப்படித்தான். கார்த்திகை மாதத்தில் சூரியன் விருச்சிக ராசியில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே ரிஷப ராசிப் பக்கம் கார்த்திகை விண்மீன் கூட்டம் இருக்கிறது. முழுநிலவு எப்போதும் சூரியனுக்கு எதிரே நிற்பது. ஆகவே அம்மாதத்து முழுநிலவு கார்த்திகை விண்மீன்களுக்கு அருகில் வருகிறது. அந்த நாளை ஒட்டியே 2668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏற்றுகிறார்கள்.

சந்திரன் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த விண்மீனுக்கு அருகில் இருக்கும் என்பதை முன்கூட்டியே எப்படிச் சொல்ல முடிகிறது? ‘பஞ்சாங்கத்தில் இருக்கிறது’ என்பது விடையாகாது. பஞ்சாங்கத்தில் அந்த எண் எப்படி வந்து சேர்ந்தது என்பதே கேள்வி. இதே கேள்வியை நம் ஊரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியில் இரண்டு வெளிநாட்டார் கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை வியப்பானது.

புதுச்சேரியில் இருவர்

முதலாமவர் லெ ஜென்டீல் என்னும் பிரெஞ்சு வானியலார். சூரியனின் முகத்தைச் சுக்கிரன் கடந்து செல்லும் அரிய காட்சியைப் புதுச்சேரியிலிருந்து காண்பதற்காக 1760ஆம் ஆண்டில் பிரான்சிலிருந்து கப்பலேறினார். அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. 1761ஆம் ஆண்டுக் காட்சியை ஆடும் கப்பலிலிருந்து பார்க்க நேர்ந்ததால் அளவு எதுவும் எடுக்க இயலவில்லை. அடுத்த காட்சி 1769ஆம் ஆண்டில். அதுவரை கீழைக் கடல்களிலேயே தங்கி, 1768இல் புதுச்சேரிக்கு வந்து காத்திருந்தார். குறித்த நாள் காலையில் மேகம் சூரியனை மறைத்துக்கொண்டது! 1771இல் ஊர் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாகவே அங்கு கருதியிருந்தார்கள்.

ஆனால் அவருடைய பயணம் வீண்போகவில்லை. காத்திருந்த நாள்களில் அவர் தமிழர்களின் வானியல் கணக்கைக் கற்றுக்கொண்டார். தாளில் எழுதாமல், சோழிகளை நகர்த்தியே அவர்கள் வெகு விரைவாகக் கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்தார்.

இரண்டாமவர் ஜான் வாரன். பிரெஞ்சு உயர்குடியில் பிறந்து, ஆங்கிலேயப் படையில் பணிபுரிந்தவர். சென்னை வானாய்வகத்தின் பொறுப்பையும் சில ஆண்டுகள் ஏற்றிருந்தார். தென்னிந்தியரின் காலக்கணக்கு முறைகளைத் தொகுத்து ‘காலசங்கலித’ என்னும் பெருநூலை 1825இல் வெளியிட்டார். அவர் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவரைச் சந்தித்து, 1825 மே 31 – ஜூன் 1 இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டும்படி கேட்டார்.

அவர் தரையில் அமர்ந்தார். சோழிகளை வரிசையாக வைத்தார். மனப்பாடமாக வைத்திருந்த சொற்களைச் சொல்லிச் சொல்லிச் சோழிகளைக் கூட்டினார், எடுத்தார், மாற்றினார். விடை வந்தது. கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். நடுவேளையில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். தொலைநோக்கியோ கடிகாரமோ அச்சிட்ட அட்டவணையோ அவரிடம் இல்லை. வானியல் கோட்பாடுகளும் அவருக்குத் தெரியவில்லை என்று வாரன் குறிப்பிடுகிறார். நினைவாற்றல் ஒன்றே அவருடைய கருவி.

248 என்னும் எண்

இது எப்படி இயன்றது? சந்திரன் பூமியை நீள்வட்டப் பாதையில் சுற்றுகிறது. பூமிக்கு அருகில் வரும்போது விரைந்தும், சேய்மையில் இருக்கும்போது மெதுவாகவும் செல்கிறது. ஒரு நாளில் அது நகரும் தொலைவு ஏறத்தாழ 12 பாகை முதல் 15 பாகை வரை மாறுகிறது. பஞ்சாங்கத்தில் ஒரு திதி 20 மணி நேரத்திலேயே முடிந்துவிடுவதும், மற்றொரு திதி 27 மணி நேரம் வரை நீள்வதும் இதனால்தான்.

சேய்மை நிலையிலிருந்து புறப்பட்ட சந்திரன் மீண்டும் சேய்மை நிலைக்கு வர 27.5546 நாள் ஆகிறது. இது முழு எண்ணாக இல்லாதது தொல்லை. ஆனால் இதை 9ஆல் பெருக்கிப் பாருங்கள். 247.99 வரும், ஏறத்தாழ 248. அதாவது 248 நாளுக்கு ஒருமுறை சந்திரனின் வேக மாற்றங்கள் அதே ஒழுங்கில் திரும்ப வருகின்றன. ஆகவே 248 நாள்களுக்கு மட்டும் சந்திரனின் இடத்தைத் தெரிந்துகொண்டால் போதும். 249ஆம் நாள் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கலாம். இடைப்பட்ட காலத்தில் சந்திரன் வானில் 27 பாகை 44 கலை முன்னேறியிருக்கும். அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

ஓர் எடுத்துக்காட்டு. சந்திரன் சேய்மையில் இருந்த ஒரு நாளிலிருந்து 1000 நாள் கழித்து அதன் இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1000த்தை 248ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 8. ஆகவே எட்டாவது வரியை எடுத்து, அதனுடன் 27 பாகை 44 கலையை நான்கு முறை கூட்ட வேண்டும். கூட்டலும் கழித்தலுமே வேலை. சோழிகள் போதாவா?

கலியுகத் தொடக்கத்திலிருந்து நாள்களை எண்ணினால் இன்று 18 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல் வரும். ஒவ்வொரு 248 நாளிலும் 13 நிமிடப் பிழை ஏற்படுவதால், இவ்வளவு நீண்ட காலத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது. அதற்காகப் பெரிய சுற்றுகளையும் கையாண்டார்கள். 3031 நாள் என்பது 110 சுற்று. இதில் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு! 12372 நாள் என்பது 449 சுற்று. பெரிய சுற்றுகளால் முதலில் வகுத்து, மீதியைக் கடைசியில் 248ஆல் வகுப்பார்கள்.

248 நாள் சுற்று பாபிலோனியரும் அறிந்ததே. எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரசுத் தாள்களிலும் அது காணப்படுகிறது. தமிழரின் வானியலைப் பற்றி 1952இல் தனிக் கட்டுரையே எழுதிய நியூகெபவர் என்னும் வரலாற்றறிஞர் இந்த ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார்.

எண்களுக்குப் பதில் சொற்கள்

248 வரிகளில் இராசி, பாகை, கலை என்று எண்களை அடுக்கினால் யார் மனப்பாடம் செய்வது? இதற்குக் கண்ட வழி ‘கடபயாதி’ முறை. வடமொழி மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. க வரிசையும் ட வரிசையும் ப வரிசையும் ய வரிசையும் 1இலிருந்து தொடங்கும். எழுத்துகளை எண்ணாக மாற்றி, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

இசை பயில்வோருக்கு இது புதிதன்று. மேளகர்த்தா இராகங்களில் 65ஆவது மேசகல்யாணி. ம என்பது 5, ச என்பது 6. திருப்பிப் படித்தால் 65. தீரசங்கராபரணத்தில் முதல் இரண்டு எழுத்துகள் 9, 2. ஆகவே அது 29ஆவது மேளம். தமிழ் எழுத்தில் ‘த’ ஒன்றே நான்கு ஒலிகளைக் குறிப்பதால் அது 6, 7, 8, 9 ஆகிய நான்கில் எதுவாகவும் இருக்கலாம். எனவே இம்முறைக்கு எழுத்தைவிட ஒலியே முதன்மை.

சந்திரனின் ஒவ்வொரு நாள் இடத்தையும் பொருளுள்ள ஒரு சிறு தொடராக அமைத்தார்கள். தொடருக்கு வாக்கியம் என்று பெயர். ‘வாக்கியப் பஞ்சாங்கம்’ என்னும் பெயர் இதிலிருந்தே வந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஓலையில் 7 என்பதை 1 என்று தவறாகப் படியெடுத்தால் யாருக்கும் தெரியாது. சொல்லில் ஓர் எழுத்து மாறினால் பொருள் கெட்டுவிடும். பிழை உடனே கண்ணில் படும். இன்று கணிப்பொறிகள் எண்களை அனுப்பும்போது பிழையைக் கண்டுபிடிக்கக் கூடுதல் இலக்கங்களைச் சேர்க்கின்றன. அந்த வேலையை இங்கே பொருள் செய்தது.

பிழை எங்கே புகுந்தது?

ஆனால் படியெடுக்கும் பிழையைத்தான் சொல் தடுக்கும். மூலக் கணக்கிலேயே உள்ள குறையை அது தடுக்காது. அதையும் சிதையாமல் காத்துத் தரும்.

சந்திரனைப் பூமி மட்டும் இழுக்கவில்லை, சூரியனும் இழுக்கிறது. இதனால் சந்திரன் தன் சராசரி இடத்திலிருந்து விலகும் மிகப் பெரிய அளவு பௌர்ணமி, அமாவாசைகளில் சுமார் 5 பாகையாகவும், அரைநிலவு நாள்களில் சுமார் ஏழரைப் பாகையாகவும் இருக்கிறது. வாக்கியங்கள் எல்லா நாளுக்கும் 5 பாகையையே கொள்கின்றன. கிரகணங்கள் பௌர்ணமி, அமாவாசைகளில் மட்டுமே நிகழ்வதால், கிரகணக் கணக்குக்கு இது பொருந்திவிடுகிறது. அட்டமியில்தான் குறை வெளிப்படுகிறது. சந்திரன் சூரியனைவிட நாளொன்றுக்கு 12 பாகை முந்துகிறது. இரண்டரைப் பாகைப் பிழை என்றால் ஐந்து மணி நேரம்! வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் பௌர்ணமி நேரத்தில் சிறு வேறுபாடும், அட்டமி நேரத்தில் பெரிய வேறுபாடும் காண்பது இதனால்தான்.

கிரகங்களிலோ பிழை காலப்போக்கில் பெருகிவிட்டது. அண்மைச் சனிப்பெயர்ச்சி ஒன்று திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17ஆம் நாள். வாக்கியப்படி அதுவே 2023 டிசம்பர் 20. திருநள்ளாற்றில் விழா நடந்தது டிசம்பரில். பதினொரு மாத இடைவெளி!

வானத்தோடு ஒப்பிட்டவர்கள்

‘திருக்கணிதம்’ என்பதில் உள்ள ‘திருக்’ வடமொழியில் காண்டல் என்று பொருள்படுவது. கண்ணால் கண்டு ஒப்பிட்ட கணிதம் என்பதே அதன் கருத்து. இது மேனாட்டார் வந்து கற்பித்ததன்று. கேரளத்துப் பரமேசுவரர் 55 ஆண்டுகள் கிரகணங்களைக் கவனித்து, பழைய கணக்குகள் வானத்தோடு பொருந்தவில்லை என்று கண்டு, 1431இல் அவற்றைத் திருத்தி நூல் செய்தார். சென்னை வானாய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874ஆம் ஆண்டுச் சுக்கிரக் கடப்பு பற்றித் தமிழிலும் சிறுநூல் எழுதினார். திருக்கணித முறையில் பஞ்சாங்கம் கணித்து வெளியிட்டவரும் அவரே.

புதுச்சேரிக் கணிதரை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த கணக்கை ஓர் எழுத்துப் பிசகாமல் சுமந்து வந்தவர் அவர். எனினும் அவரிடம் இருந்தது விடை காணும் வழி மட்டுமே. 52 நிமிடப் பிழை ஏன் வந்தது என்று கேட்கவோ, அதைத் திருத்தவோ அவ்வழியில் இடமில்லை. பரமேசுவரர் அதே மரபில் வந்தவர். ஆனால் வானத்தையும் பார்த்தவர். நம் வகுப்பறைகளில் வாய்பாட்டை மனப்பாடம் செய்து எண்களை இட்டு விடை எழுதும் மாணவர்கள் இவ்விருவரில் யாரைப் போன்றவர்கள் என்பதை அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்த சந்திர கிரகணம் வரும்போது ஒன்று செய்யுங்கள். அது தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் இருவகைப் பஞ்சாங்கங்களிலிருந்தும் குறித்துக்கொள்ளுங்கள். கையில் கடிகாரத்துடன் மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். சந்திரனின் விளிம்பில் நிழல் விழும் நிமிடத்தை நீங்களே எழுதுங்கள். இதற்குத் தொலைநோக்கி தேவையில்லை, வெறுங்கண் போதும்.