முந்திரியும் மீச்சிறு பொது மடங்கும்: ஒரு கல்வெட்டுப் பின்னம் குறித்து

முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஒரு வேலியில் 52,42,88,00,000-ல் ஒரு பங்கு வரை நிலக் கணக்கைக் கொண்டுசெல்கின்றன. நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாற்றில் இதை நில அளவையின் துல்லியத்துக்குச் சான்றாக்கினார்: அத்தனை சிறிய துண்டும் அளக்கப்பட்டது, அதற்கும் இறை விதிக்கப்பட்டது. பின்வந்தவர்கள் பெரும்பாலும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள்.

இந்த வாசிப்பு நிற்காது. வேலியை 6.6 ஏக்கர் என்று கொண்டால் அந்தப் பங்கு ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். ஓர் அரிசி மணியே அதைவிடப் பல மடங்கு பெரிது. எந்தக் கோல் இதை அளக்கும்? ஒரு மழைக்கு வரப்பு அதைவிட அதிகம் கரையும். சாஸ்திரியார் வயலில் தேடியது கணக்கனின் ஓலையில் கிடக்கிறது.

எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். ‘கீழ்’ என்ற அடை ஒவ்வொரு முறையும் பின்னத்தை 320-ல் ஒன்றாக்கும். 320-ஐ நான்கு முறை அடுக்கிப் பெருக்கினால் 10,48,57,60,000. அதை ஐந்தால் பெருக்கினால் கல்வெட்டின் எண், ஒன்று கூடாமல் குறையாமல். வாய்பாட்டின்படி, நான்கு ‘கீழ்’ இறங்கிய நாலுமா. கூட்டலிலும் கழிவிலும் மிஞ்சியதை விடாமல் அடுத்த படிக்கு இறக்கிய கணக்கு இது. அளவுகோலுக்கு இதில் வேலையில்லை.

அந்த 320 எங்கிருந்து வந்தது? திண்ணைப் பள்ளி வாய்பாட்டு நூலான எண்சுவடியில் இரண்டு பின்ன வரிசைகள் உண்டு. ஒன்றில் மா 1/20, அதில் கால் பங்கான காணி 1/80. மற்றதில் வீசம் 1/16, அதில் கால் 1/64. 64-க்கும் 80-க்கும் மீச்சிறு பொது மடங்கு 320. முந்திரி என்பது 1/320. ஆகவே காணிக்கு நான்கு முந்திரி, கால் வீசத்துக்கு ஐந்து முந்திரி. இரண்டு வரிசையும் மிச்சமில்லாமல் சந்திக்கும் முதல் இடம் முந்திரி. இன்று ஆறாம் வகுப்பில் மீ.சி.ம. என்று கற்பிப்பதைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் பெயர் தெரியாமலே ஒப்பித்தார்கள். வெறுமனே 16-ஐ 20-ஆல் பெருக்கினாலும் 320 வரும் என்ற மறுப்பு நியாயமானது. எண் மட்டும் இதைத் தீர்க்காது. ஆனால் காணி இருக்கும் இடம் 80. அது 16, 20 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு, பெருக்குத்தொகை அல்ல. வீசத்துக்கு மாகாணி என்ற பெயரும் உண்டு: ஒரு மாவும் ஒரு காணியும் கூட்டினால் சரியாக 1/16. இது தற்செயல் என்று சொல்பவர்தான் அதை நிறுவ வேண்டும்.

கணித வரலாற்றாசிரியர்களான தத்தாவும் சிங்கும் மீச்சிறு பொது மடங்கை இந்திய நூல்களில் முதலில் பேசியவர் 9-ஆம் நூற்றாண்டின் மகாவீரர் என்றார்கள். நூலைப் பற்றி அது சரி. பழக்கத்தின் காலம் வேறு கேள்வி.

நாஞ்சில் நாட்டுப் பக்கம் வந்தால் சிக்கல் கூடுகிறது. அங்கே நெல் கோட்டை என்ற அளவில் ஏறும். கோட்டைக்கு 21 மரக்கால். சோழநாட்டுக் கலத்துக்கு 12. மரக்கால் ஊருக்கு ஊர் மாறும் என்பதை ஒதுக்கிவிட்டால், ஏழு கலமும் நான்கு கோட்டையும் 84 மரக்காலில் ஒக்கும். 320-க்கு 3-உம் 7-உம் காரணிகள் அல்ல. முந்திரியைக் கொண்டு மூன்று பேருக்கோ ஏழு பேருக்கோ மிச்சமில்லாமல் பங்கிட முடியாது. 21 அந்த இரண்டையும் தருகிறது. கணக்கதிகாரம் முதலான நூல்களின் பின்ன வரிசையில் கீழ்முந்திரிக்கு அடுத்த படி இம்மி. ஒரு கீழ்முந்திரிக்கும் 21 இம்மிதான். இரண்டு 21-உம் ஒரே தேவையில் பிறந்தவை என்றே கருதுகிறேன். கணக்கதிகாரத்தின் காலமே உறுதிப்படாத நிலையில் எது முந்தியது என்று சொல்ல வழியில்லை.