எழுபது வளைவுகளும் ஓர் இரும்புத் தட்டும்

கொல்லிமலையிலிருந்து இறங்கும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, மலை வாழைப்பழம் இரண்டு சீப்பு வாங்கிப் பின்னால் போட்டுக்கொண்டு நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். அப்பா வண்டி ஓட்டினார். மூன்றாவது கியரில்தான் வந்தார், வளைவுக்கு வளைவு பிரேக்கை அமுக்கிக்கொண்டே. ஸ்டியரிங் லேசாக உதறியது. அது ஆறு மாதமாக உதறிக்கொண்டுதான் இருந்தது. "ரோடு சரியில்ல" என்பார் அப்பா. நாமக்கல் பைபாஸில் போனாலும் ரோடு சரியில்லைதான்.

பாதி மலை இறங்கியிருப்போம். ஏதோ கருகும் வாசனை. அம்மா முதலில் பழத்தைத்தான் திரும்பிப் பார்த்தார். அடுத்த வளைவில் அப்பாவின் வலது கால் வழக்கத்தைவிட ஆழமாகப் போவதை நான் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. இரண்டு மூன்று தடவை பெடலை வேகமாக மிதித்து, இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, மலைப்பக்கச் சுவரோரம் வண்டியை எப்படியோ ஒண்டவைத்தார். முன்சக்கரத்திலிருந்து புகை வந்தது. அவர் கை நடுங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தண்ணீர் பாட்டிலோடு அவர் சக்கரத்தருகே குனிந்தபோது, மேலேறி வந்த ஒரு வேன் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்: "அண்ணா, தண்ணி ஊத்திறாதீங்க! டிஸ்க்கு விரிசல் உட்ரும். சும்மா உடுங்க, அதுவா ஆறட்டும்."

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். மிச்ச மலையை முதல் கியரில், ஒரு மாட்டுவண்டியின் வேகத்தில் இறங்கினோம். இந்தக் கட்டுரை அந்த முக்கால் மணி நேரத்தில் தொடங்கியது.

*

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாலு பேரோடு எங்கள் கார் 1200 கிலோ, மலையின் உயரம் சுமார் 800 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கீழே வருவதற்குள் அது இழக்கும் ஆற்றலைக் கொண்டு முப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இன்ஜினும் காற்றும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கியரை இறக்காமல் பிரேக்கை மட்டுமே நம்பி வந்தால் மீதி மொத்தமும் நான்கு சக்கரங்களுக்குள் வெப்பமாகப் போகிறது. பிரேக் வண்டியை நிறுத்தும் கருவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது வேகத்தைச் சூடாக மாற்றும் அடுப்பு. அந்தச் சூட்டை எங்கே வைப்பது, எப்படி வெளியே தள்ளுவது என்பதுதான் நூற்றிருபது வருஷமாக இருக்கும் பிரச்சினை.

1902-இல் இரண்டு விடைகள் கிடைத்தன. பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்குக்கு வடிவம் கொடுத்தார்: சக்கரத்தோடு சுற்றும் ஒரு பானை, அதற்குள்ளிருந்து விரிந்து உரசும் இரண்டு ஷூக்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் வேறொன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். சக்கரத்தோடு சுற்றும் ஒரு தட்டு, அதை இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடிக்கும் இடுக்கி. இன்று நம் வண்டிகளில் இருக்கும் டிஸ்க் பிரேக்கின் மூதாதை இதுதான்.

ஜெயித்தது பானை. அப்போதைய சாலைகள் மண்ணும் சேறும். மூடிய டிரம்முக்குள் அவை அவ்வளவாகப் போகாது. லான்செஸ்டரின் தட்டோ வெட்டவெளியில் கிடந்தது. அவர் உரசலுக்குச் செம்பைப் பயன்படுத்தியிருந்தார். உலோகத்தோடு உலோகம் உரசிய கிறீச்சொலியைத் தாங்க முடியவில்லை. செம்பும் சீக்கிரம் தேய்ந்தது.

அந்தக் கிறீச்சொலிக்கு மருந்து டெர்பிஷயர் மலைப்பகுதியிலிருந்து வந்தது. ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலை வைத்து ஓட்டுவதைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்தார் என்று சொல்லப்படுகிறது. 1897-இல் தொழிலைத் தொடங்கினார். தன் பெயரின் எழுத்துக்களோடு மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் சேர்த்துக் குலுக்கி அவர் உருவாக்கிய பெயர்தான் ஃபெரோடோ. துணியிலும் பிசினிலும் ஆரம்பித்தவர், கார்களின் வேகம் ஏறியதும் எரியாத நார் ஒன்றைத் தேடிப் போனார். கல்நார். ஆஸ்பெஸ்டாஸ். சூடு தாங்கும், நன்றாகப் பிடிக்கும், சத்தம் போடாது, விலையும் மலிவு.

உலகம் முழுக்க வண்டிகள் கல்நாரை உரசித்தான் நின்றன. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் கொஞ்சம் தூசியானது.

*

1924 மார்ச்சில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெல்லி கெர்ஷா என்ற பெண் இறந்தார். வயது 33. டர்னர் பிரதர்ஸ் ஆலையில் கல்நாரை நூலாக நூற்றவர். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த வில்லியம் குக் என்ற மருத்துவர், உள்ளே கல்நார்த் துகள்கள் இருப்பதைக் கண்டு, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். கல்நாரால் வந்த மரணம் என்று மருத்துவ இதழில் பதிவான முதல் சாவுகளில் அது ஒன்று. நிறுவனம் பொறுப்பேற்க மறுத்தது. ஈமச்செலவுக்குக்கூடப் பணம் தரவில்லை. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அதே டர்னர் குழுமம் ஃபெரோடோவையும் வாங்கியது. 1931-இல் ஆலைத் தூசிக்கு பிரிட்டன் விதிமுறை கொண்டுவந்தது. முழுத்தடை வந்தது 1999-இல். நடுவில் 68 வருஷம்.

பிரேக்கின் வரலாற்றை ரேஸ் கார்களின் வரலாறாகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நெல்லி கெர்ஷாவைச் சொல்லாமல் அதற்குப் போக எனக்கு மனசில்லை.

*

டிஸ்க் திரும்பி வந்தது விமானத்தின் வழியாக. ஓடுதளத்தில் இறங்கும் கனமான விமானத்தின் சூட்டை டிரம்மால் சமாளிக்க முடியவில்லை. பானை சூடானால் விரியும். உள்ளிருக்கும் ஷூ அதைத் தேடி இன்னும் தூரம் போக வேண்டும். தட்டு அப்படியில்லை. சூட்டில் தடித்தால் பேடை நோக்கித்தான் வரும். காற்றும் நேராகப் படும். 1949-இல் அமெரிக்காவில் கிராஸ்லி என்ற சின்னக் காரில் டிஸ்க் பிரேக் போட்டுப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் பனி உருக சாலையில் தூவும் உப்பு அதை அரித்துப் பூட்டிவிட்டது. அவமானப்பட்டுப் பின்வாங்கினார்கள்.

பிறகு டன்லப் நிறுவனமும் ஜாகுவாரும் சேர்ந்தன. சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் மாதக்கணக்கில் ஓட்டி ஓட்டிக் குறைகளைக் கண்டுபிடித்தார். 1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் போட்ட ஜாகுவார் சி-டைப் கார்கள் முதல், இரண்டாம், நான்காம் இடங்களைப் பிடித்தன. அந்தப் பந்தயத்தில் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதல்முறை. வேகமாகப் போக முடிந்ததற்கு ஒரு காரணம், வளைவுக்கு மிக அருகில் வரை வந்து பிரேக் அடிக்க முடிந்ததுதான்.

இரண்டு வருடம் கழித்து அதே லெ மானில், 1955 ஜூன் 11 அன்று, ஒரு ஜாகுவார் பிட்டுக்குள் நுழைய வேகத்தைக் குறைத்தது. பின்னால் வந்த ஆஸ்டின்-ஹீலி விலகியது. அதன்மேல் மோதிய மெர்சிடிஸ் பறந்து பார்வையாளர்களுக்குள் விழுந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் இரண்டு கார்களிலும் டிஸ்க்; மெர்சிடிஸில் டிரம்மும், காற்றைத் தடுக்கும் மடிப்புப் பலகையும். விசாரணை எந்த ஓட்டுநரையும் குற்றவாளியாக்கவில்லை. நானும் பிரேக்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. குறுகிய பாதை, கூட்டத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டம், எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் ஒரே சாலையில் ஓடும் எல்லோரும் ஒரே தூரத்தில் நிற்பதில்லை என்பது அன்றைக்கு நினைவில் நின்ற பாடம்.

அதே 1955-இல் சித்ரோயன் டிஎஸ் முன்சக்கர டிஸ்க்கோடு வந்தது. குடும்பக் காருக்கு டிஸ்க் வந்த கதை அங்கிருந்து வேகமெடுக்கிறது.

நம்மூரில் அம்பாசடரும் பத்மினியும் நாலு சக்கரத்திலும் டிரம்மோடு ரொம்ப காலம் ஓடின. 1962-இல் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. பிறகு சோளிங்கரில் அவர்களுக்கு வார்ப்பாலை வந்தது. யோக நரசிம்மர் மலைக்குப் படியேறப் போகிறவர்கள், அந்த ஊரில் உருக்கி வார்க்கும் இரும்பு எத்தனையோ வண்டிகளை நிறுத்துகிறது என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

*

மறுநாள் மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழற்றினார். லாரி பட்டறையில் தொழில் கற்றவர். டிஸ்க்கின் ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். பேட் படும் இடம் தேய்ந்து பள்ளமாகி, விளிம்பு மட்டும் வயல் வரப்பு மாதிரி எழும்பி நின்றது. குறைந்தபட்ச தடிமன் 15 மில்லிமீட்டர் என்று தட்டிலேயே பொறித்திருந்தது. மைக்ரோமீட்டர் காட்டியது 14.6.

"லேத்துல குடுத்து ஒரு கட்டிங் போட்டுக்கலாமே?" என்றார் அப்பா.

"இருக்கறதே பத்தலைங்க. இன்னும் வெட்டுனா அப்பளம் ஆயிருமுங்க. அப்பறம் சூடு எங்க போய் உக்காரும்?"

அவர் சொன்னதில்தான் மொத்த அறிவியலும் இருக்கிறது. வார்ப்பிரும்பில் கிராஃபைட் செதில் செதிலாக ஓடுகிறது. அது சூட்டை நன்றாகக் கடத்தும், அதிர்வை விழுங்கும். ஆனால் சூட்டை வாங்கிக்கொள்ள எடை வேண்டும். தட்டு மெலிந்தால் அதே பிரேக்குக்கு அதிகமாகச் சூடேறும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 140 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை அமுக்கினால் அது சுருங்கும், பெடல் உள்ளே போகும். கொல்லிமலையில் அப்பாவின் கால் ஆழமாகப் போனது இதனால்தான். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் அது வேறு: பேட் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது.

ஸ்டியரிங் உதறலுக்கும் பதில் கிடைத்தது. டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வோம். பெரும்பாலும் அது வளைவதில்லை. ஹப்பில் துரு இருந்தால் தட்டு ஒரு மயிரிழை கோணலாக உட்காரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசி, நாளடைவில் தடிமன் சீரில்லாமல் போகும். பேடின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டினாலும் இதே உதறல்தான். அதனால் அண்ணன் புது டிஸ்க்கை எடுப்பதற்கு முன் ஹப்பைக் கம்பி பிரஷால் பளபளவென்று தேய்த்தார். இரண்டு பக்கமும் ஜோடியாகவே மாற்றினார், பேடும் புதுசு. புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயைத் துடைத்தார், காலிப்பர் பின்களுக்கு கிரீஸ் வைத்தார், பழைய ஆயிலை வெளியேற்றினார். வண்டியை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து முறை மிதிக்கச் சொன்னார். "அது கெட்டியாவற வரைக்கும் கியர்ல கை வைக்காதீங்க."

இதற்கு நடுவே ஒரு சின்ன விஷயம். பட்டறைப் பையன் பின்சக்கர டிரம்மைத் திறந்து, கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதப் போனான். அண்ணன் சத்தம் போட்டார்.

"டேய், ஊதாதடா! ஈரத்துணியில தொடை."

பிறகு என்னிடம் சொன்னார்: "எங்க மேஸ்திரி வாயாலயே ஊதுவாருங்க தம்பி. நாங்க பக்கத்துல நின்னு வேடிக்கை பாப்போம். அப்ப யாரு சொன்னாங்க."

இப்போது பல பேடுகளில் கல்நார் இல்லை. பெட்டிமேல் அப்படி அச்சடித்திருப்பதைக் காட்டினார். பழைய வண்டிக்குள் என்ன லைனர் இருக்கும் என்று யாருக்கும் தெரியாதே என்பதால் பையனை எந்த வண்டியிலும் ஊத விடுவதில்லை என்றார். நெல்லி கெர்ஷாவின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. நான் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "முப்பத்தி மூணு வயசா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

கழற்றிய டிஸ்க்குகளை அப்பா எடைக்குப் போடவில்லை. ஒன்று மாடியில் வடகம் காயும் துணிக்கு பாரமாக இருக்கிறது. போன ஆடிப்பெருக்குக்கு மறுபடி கொல்லிமலை போனோம். இறங்கும்போது இரண்டாம் கியருக்கு மேல் அவர் போகவில்லை. பின்னால் ஒருத்தர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். அப்பா ஓரம் கட்டி வழிவிட்டார்.